இத்தாலியப் பாட்டிகளின் அடுப்படி: எவ்வளவு பழமை, எவ்வளவு கதை?

வைகைக்கரையான்

2025 டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு தீபாவளியை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது எல்லோருக்கும் தெரியும். அதே கூட்டத்தில் இத்தாலியர்களின் சமையலும் அந்தப் பட்டியலில் ஏறியது. ஒரு பலகாரம், ஒரு பதார்த்தம் என்றில்லை. அடுப்படியையே மொத்தமாக ஏற்றிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த இத்தாலியச் சாப்பாடு எங்கள் ஊர் உணவகத்தில் கிடைக்கும் 'வெள்ளை சாஸ், சிவப்பு சாஸ், இரண்டும் கலந்தது' என்ற மூன்றோடு முடிந்தது. அந்த மூன்றும் அங்கே எந்த வீட்டிலும் இருக்காது என்று எனக்குச் சந்தேகம். அங்கே வசித்தவர்களும் வசிப்பவர்களும் இந்தக் களத்தில் இருக்கிறீர்கள். வீட்டில் என்னதான் சமைக்கிறார்கள்? சுற்றுலாக் கதை வேண்டாம்.

இன்னொன்று. பார்மா பல்கலைக்கழகத்தில் உணவு வரலாறு கற்பிக்கும் ஆல்பெர்டோ கிராந்தி, 'பாட்டி காலத்துச் சமையல்' என்று இத்தாலியர் மார்தட்டுவதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த சரக்கு என்று சொல்லி ஊர் வசவை வாங்கிக்கொண்டிருக்கிறார். அதையும் பேசலாம்.

மொட்டைமாடி

போலோஞாவிலிருந்து தொடங்குகிறேன். உலகம் முழுக்க அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள். 'ஸ்பகெட்டி போலோனீஸ்' என்ற ஒன்று போலோஞா வீடுகளில் கிடையாது. கொத்திறைச்சியில் செய்யும் ரகூ என்ற குழம்பு உண்டு. ஆனால் அது முட்டை சேர்த்துப் பிசைந்த டாலியாத்தெல்லே என்ற பட்டை நாடாவோடுதான் இலைக்கு வரும். தட்டுக்கு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

படிக்கிற காலத்தில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மையார் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஞாயிறு காலையில் மாவு தேய்க்கும் சத்தம் மேலே கேட்கும். கணக்கு எளிது: 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பலகை நம் சப்பாத்திக் கல் அளவு இல்லை, மேசை அளவு. உருட்டுக்கட்டை ஒரு கை நீளம். தேய்க்கத் தேய்க்க மாவு பலகை விளிம்பைத் தாண்டித் தொங்கும். அந்தத் தொங்கலைத் தன் வயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இழுத்து இழுத்து மெலிதாக்குவார். அது துணி போல ஆனதும் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா கோயில் மாவின் ஊடே தெரிய வேண்டும் என்பது அந்த ஊர்ச் சொலவடை. பலகையை ஒருபோதும் கழுவ மாட்டார், சுரண்டி எடுப்பதோடு சரி. கழுவப் போன என் கையிலிருந்து அதைப் பிடுங்கியது மறக்காது.

ஊருக்கு இதில் உள்ள பிடிவாதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். போலோஞா வர்த்தக சபையில் 1972 முதல் தங்கத்தில் செய்த ஒரு டாலியாத்தெல்லே நாடா வைத்திருக்கிறார்கள். வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர். அதாவது அந்த ஊரின் அடையாளமான அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. 1982-இல் ரகூ செய்முறையையும் அங்கே முறையாகப் பதிவு செய்தார்கள்: மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றி வயிற்றிறைச்சியான பாஞ்செட்டா, காரட், செலரி, வெங்காயம், ஒயின், பால், கொஞ்சமே கொஞ்சம் தக்காளி. பூண்டு இல்லை. 2023-இல் அதைத் திருத்தி மறுபடி பதிவு செய்தார்கள். கீழ்வீட்டு அம்மையார் அந்தப் பதிவையெல்லாம் சட்டை செய்ததில்லை. அவர் கோழி ஈரலும் போடுவார்.

ஏட்டுச்சுவடி

> 'பாட்டி காலத்துச் சமையல்'

எந்தப் பாட்டி? 1880-இல் வாழ்ந்த பாட்டி என்றால், வடக்கே வெனிட்டோவிலும் லொம்பார்டியிலும் அவர் காலையில் பொலென்டா, பகலில் பொலென்டா, இரவில் பொலென்டா சாப்பிட்டார். மக்காச்சோள மாவைச் செப்புக் கொப்பரையில் கிண்டிய களி, அவ்வளவுதான். இத்தாலிய நாடாளுமன்றத்துக்காக 1877 முதல் நடந்த யாச்சினி விசாரணையின் அறிக்கைகளில் அந்த விவசாயிகளின் வாழ்வு பதிவாகியிருக்கிறது. மக்காச்சோளத்தைக் கொண்டுவந்த ஐரோப்பியர், அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் மெக்சிகோ மக்களின் வழக்கத்தைக் கொண்டுவரவில்லை. அப்படி வேகவைக்காவிட்டால் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேராது. விளைவு பெலக்ரா நோய்: தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். வட இத்தாலிய மனநோய் விடுதிகளில் பெலக்ரா நோயாளிகள் நிரம்பியிருந்த காலம் அது. இன்று அதே பொலென்டாவைக் காளானோடு தட்டில் அலங்கரித்து 'மரபு' என்கிறார்கள்.

கிராந்தி சொல்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ரோமாபுரியின் பெருமை என்கிற கார்போனாராவை, முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்த்த பாஸ்தாவை, எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் கிடைத்திருக்கும் முதல் செய்முறை 1952-இல் சிகாகோவில் வந்தது. இத்தாலியில் 1954-இல் ஒரு சமையல் இதழில் வந்த செய்முறையில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் குருயேர் பாலாடைக்கட்டியும் இருந்தன! இன்று நீங்கள் அதில் பூண்டு போட்டால் ரோம்காரர் உங்களோடு பேச மாட்டார். திராமிசு என்ற இனிப்பு 1970 வாக்கில் வந்தது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்தும், பாஸ்தாவோடு அது சேர்ந்து வழக்கமானது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

(மிளகாயைப் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கிக்கொண்டு 'ஆதிகாலத்துக் காரக்குழம்பு' என்கிற நமக்கு இதில் சிரிக்க உரிமை குறைவு.)

நேப்பிள்ஸ் மருமகள்

ஏட்டுச்சுவடி ஐயா, ஆண்டுக்கணக்கு எல்லாம் சரி. ஒரு பதார்த்தம் 70 ஆண்டுகளாக ஒரு வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் சமைக்கப்பட்டால் அது அந்த வீட்டுக்கு மரபுதான். மூன்று தலைமுறை போதாதா?

நான் வாழ்க்கைப்பட்ட இடம் நேப்பிள்ஸுக்குப் பக்கத்து ஊர். இங்கேயும் ரகூ உண்டு; மொட்டைமாடி சொன்னதற்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. இங்கே இறைச்சியைக் கொத்துவதில்லை. மாட்டிறைச்சித் துண்டு, பன்றி விலா எலும்பு, பிறகு பிராச்சோலே. மெல்லிய இறைச்சித் தகட்டில் பூண்டு, பார்ஸ்லி, பைன் கொட்டை, உலர்திராட்சை, பெக்கொரீனோ பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி நூலால் கட்டுவது அது. வெங்காயம் நிறம் மாறும்வரை வதக்கி, இறைச்சியைச் சிவக்கவிட்டு, சிவப்பு ஒயினை ஊற்றி வற்றவைத்து, தக்காளி விழுதும் வடிகட்டிய தக்காளிச் சாறும் சேர்ப்பார்கள். பிறகு தீயை முடிந்தமட்டும் தணித்துவிட வேண்டும். மூடியைப் பொருந்த மூடக் கூடாது. பாத்திரத்தின் விளிம்பில் மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து அதன்மேல் மூடியைச் சாய்ப்பார்கள். குழம்பின் மேல்பரப்பில் எங்காவது ஓரிடத்தில் ஒரு குமிழி வந்து 'பிப்' என்று உடைய வேண்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கொதித்தால் கெட்டது. இதற்கென்றே நேப்பிள்ஸ்காரர் 'பிப்பியாரே' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். என் மாமியார் சனிக்கிழமை சாயங்காலமே அடுப்பில் ஏற்றிவிடுவார். ஞாயிறு காலை வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போதே எந்தக் கதவுக்குப் பின்னால் யார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று மூக்கால் சொல்லிவிடுவார்.

சாப்பாட்டு வரிசையையும் கவனியுங்கள். குழம்பு மட்டும் முதலில் பாஸ்தாவோடு வரும். இறைச்சி தனியாக, இரண்டாவது தட்டில். ஒரே பாத்திரத்தில் இரண்டு வேளைச் சாப்பாட்டின் தோற்றம்! பாஸ்தா என்பது ஸீத்தி: நீளமான குழல். அதைக் கையால் ஒடித்துப் போட வேண்டும். ஒடிக்கும்போது சிதறும் சில்லுகளையும் சேர்த்தே பானையில் போடுவார்கள், அதில்தான் குழம்பு நன்றாகப் பிடிக்கும் என்பார் மாமனார். சனிக்கிழமை இரவு பிள்ளைகளை உட்காரவைத்து ஸீத்தி ஒடிக்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. என் மகள் ஒடிப்பதைவிடச் சிதறடிப்பது அதிகம்.

கொல்லைப்புறம்

மிச்சமான பாஸ்தா என்ன ஆகும் மருமகளே? பழைய சோறு மாதிரி ஏதாவது உண்டா?

நேப்பிள்ஸ் மருமகள்

உண்டு அண்ணா. முட்டையும் பாலாடைக்கட்டியும் அடித்து ஊற்றிக் கனமான வட்டமாக இரண்டு பக்கமும் பொரித்துவிடுவார்கள். ஆறினபின் கேக் போல வெட்டலாம். கோடையில் கடற்கரைக்குப் போகிற குடும்பங்களின் கூடையைத் திறந்தால் முதலில் இதுதான் இருக்கும். சிலர் இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே கூடுதலாக வேகவைக்கிறார்கள்.

பலெர்மோ வாசி

வணக்கம். சிசிலியில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் ஆட்களில் பலருக்கு முதலில் கிடைத்த வேலை வீட்டு வேலையும் வயோதிபர் பராமரிப்பும்தான். ஆகையால் நாங்கள் சிசிலிச் சமையலை ஹோட்டலில் பார்க்கவில்லை, குசினிக்குள் நின்று பார்த்தோம்.

நான் பார்த்துக்கொண்ட சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டுக்கார அம்மாவுக்கு, கை நடுங்கும். அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் செய்வேன். முதலில் பழகியது சாளை மீன் பாஸ்தா. மார்ச் 19, சூசையப்பர் திருநாளுக்கு அது இல்லாமல் முடியாது. அந்த நேரத்தில்தான் மலைச்சரிவுகளில் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை தளிர்த்து நிற்கும். கீரையை அவித்து எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாது. அதிலேதான் பாஸ்தாவை அவிக்க வேண்டும். வெங்காயத்தை எண்ணெயில் வாட்டி, உப்பிட்ட நெத்தலியை அதில் கரையவிட்டு, முள் எடுத்த சாளை, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ, நறுக்கின கீரை எல்லாம் சேர்க்க வேண்டும். மேலே சீஸ் இல்லை. பாண் தூளை ஒலிவ் எண்ணெய் கொஞ்சம் விட்டுத் தாச்சியில் வறுத்துத் தூவ வேண்டும். இந்த வறுவலில் சிஞ்ஞோரா விடவே மாட்டார். 'இன்னும், இன்னும்' என்பார்; கோப்பி நிறம் வரும் நேரம் 'போதும்!' என்று கத்துவார். ஒரு நொடி பிந்தினால் கைப்பு.

ஏட்டுச்சுவடி ஐயா வறுமையைச் சொன்னார். பாண் தூள் அந்த வறுமைதான். சீஸ் வாங்க வழியில்லாதவர்கள் பழைய பாணை வறுத்துத் தூவினார்கள். இன்றைக்கு வழி இருந்தும் அதையே தூவுகிறார்கள். இன்னும் ஒரு படி கீழே போனால், சாளையும் வாங்க முடியாத வீட்டுக்காரர் கீரையை மட்டும் போட்டுச் செய்து, அதற்கு 'சாளை இன்னும் கடலில் இருக்கிறது பாஸ்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பகிடி இல்லை, உண்மையான பெயர்.

டிசம்பர் 13, சாந்தா லூசியா நாள். அன்று பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் தொடுவதில்லை. 1646-இல் பஞ்சம் வந்தபோது அந்த நாளில் கோதுமைக் கப்பல் துறைமுகத்துக்கு வந்ததாகவும், அரைக்கப் பொறுமை இல்லாமல் சனங்கள் கோதுமையை அப்படியே அவித்துச் சாப்பிட்டதாகவும் கதை. அதனால் அன்று அவித்த கோதுமையில் ரிக்கோட்டா என்ற மெதுவான சீஸும் சீனியும் சேர்த்த குச்சீயா. கூடவே கடலை மாவைக் கிண்டி, வெட்டிப் பொரிக்கும் பனெல்லே. பிறகு சோற்று உருண்டைக்குள் இறைச்சி வைத்துப் பொரிக்கும் அரன்சீனா. பலெர்மோவில் அது பெண்பால், கத்தானியாவில் அரன்சீனோ என்று ஆண்பால். இதில் இரண்டு ஊருக்கும் இருக்கும் சண்டைக்குள் நான் தலை போட மாட்டேன்.

ஏட்டுச்சுவடி

பலெர்மோ நண்பரே, நான் தேடிக்கொண்டிருந்தது உங்கள் பதிவைத்தான். என் வழக்கு மரபு பொய் என்பதன்று. எதை மறைத்துவிட்டு மரபு என்கிறார்கள் என்பதுதான். பாண் தூளையும் 'கடலில் இருக்கும் சாளை'யையும் சுற்றுலா விளம்பரத்தில் பார்த்திருக்கிறீர்களா? அங்கே எப்போதும் நீளமான மேசை, வெள்ளை விரிப்பு, நிறைந்த தட்டுகள், சிரிக்கும் பாட்டி. அந்த நிறைந்த மேசை 1950-களின் இறுதியில் தொடங்கிய பொருளாதார வளர்ச்சியோடு வந்தது. அதற்கு முன் குத்தகை விவசாயி வீட்டில் இறைச்சி என்பது பண்டிகைச் செய்தி.

டஸ்கனியின் ரிபொல்லீட்டாவைப் பாருங்கள். காய்ந்த ரொட்டி, பீன்ஸ், கருங்கோசுக்கீரை. நேற்றைய சூப்பை இன்று மறுபடி கொதிக்கவைத்தது. பஞ்சனெல்லா என்ற ரொட்டி சாலட், தக்காளி ரொட்டிக் கூழ் என்று டஸ்கனியின் பாதிப் புகழ் காய்ந்த ரொட்டியில் நிற்கிறது. ரொட்டியை எறிய மனமில்லாத கைகளுக்குத்தான் அந்தப் புகழ் சேர வேண்டும்.

அடுக்களை வழக்கறிஞர்

எல்லோரும் பாட்டி பாட்டி என்கிறீர்கள். தாத்தா அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பேற்றி, ஞாயிறு மதியம்வரை குமிழி எண்ணிக்கொண்டு நின்ற பெண்ணுக்கு அந்த ஞாயிறு விடுமுறையாக இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா? உருகி உருகி எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையில் ஒருமுறையாவது மாவு தேய்த்திருக்கிறீர்கள்?

இத்தாலிய வீட்டுச் சமையலுக்கே வேத நூல் என்று பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891-இல் வெளியிட்ட புத்தகத்தைச் சொல்வார்கள். பதிப்பாளர் கிடைக்காமல் சொந்தப் பணத்தில் அச்சிட்டார். அவரோ வியாபாரி. அவருடைய ஃபுளோரன்ஸ் வீட்டுச் சமையலறையில் நின்று செய்து பார்த்தவர்கள் மரியெத்தா சபத்தீனியும் பிரான்செஸ்கோ ருஃபில்லியும். ஒரு நியாயத்தை மட்டும் அர்த்தூசி செய்தார்: புத்தகத்தின் உரிமையை அந்த இருவருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பிறந்த ஃபோர்லிம்போபோலியில் இன்று வீட்டுச் சமையல்காரர்களுக்குக் கொடுக்கும் பரிசுக்கு மரியெத்தா பெயர். இந்த அளவு மரியாதை எத்தனை பாட்டிகளுக்குக் கிடைத்தது?

நேப்பிள்ஸ் மருமகள்

வழக்கறிஞரே, கேள்வி நியாயம். என் மாமியாரே சொல்வார்: ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போவதே ஒரு மணி நேரம் உட்காரலாம் என்பதற்காக என்று. இன்று எங்கள் வீட்டில் ரகூ வைப்பது என் கணவர். மாமியார் பக்கத்தில் நின்று குறை சொல்வார். அது அவருக்கு ஓய்வா, இன்னொரு வேலையா என்று தெரியவில்லை.

மொட்டைமாடி

தேய்த்திருக்கிறேன், வழக்கறிஞரே. சான் லூக்கா கோயில் தெரியவில்லை. பலகைதான் தெரிந்தது, ஓட்டை வழியாக.

வேலை பிடுங்குவதில் டோர்டெல்லினிக்கு மிஞ்சியது இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் வீட்டில் உள்ள எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரவைப்பார்கள். பன்றி இறைச்சி, உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான புரோஷூட்டோ, மோர்ட்டதெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சி, பார்மிஜானோ பாலாடைக்கட்டி, ஜாதிக்காய் சேர்த்த பூரணம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய மாவுச் சதுரத்தில் வைத்து, முக்கோணமாக மடித்து, சுண்டுவிரலைச் சுற்றி வளைத்து முனைகளை ஒட்ட வேண்டும். எவ்வளவு சிறிதோ அவ்வளவு கௌரவம். சேவற்கோழி ரசத்தில் மிதக்கவிட்டுச் சாப்பிடுவார்கள். அதற்குப் பாலேடு சாஸ் ஊற்றிக் கேட்டால் கீழ்வீட்டு அம்மையார் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்.

ஏட்டுச்சுவடிக்குப் பிடித்த செய்தி ஒன்று: 2019 அக்டோபரில், ஊரின் காவல் புனிதர் சான் பெத்ரோனியோ திருவிழாவில், பன்றி சாப்பிடாதவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று கோழி இறைச்சி டோர்டெல்லினியும் வைக்கத் திட்டமிட்டார்கள். 'நம் வரலாற்றை அழிக்கிறார்கள்' என்று வலதுசாரி அரசியல் தலைவர் மத்தேயோ சல்வீனி கொதித்தார். ஒரு மாவுருண்டை தேசியப் பிரச்சினை ஆனது.

வைகைக்கரையான்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மருமகளுக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. நம் ஊரில் அந்தத் தக்காளிச் சாறு செய்தால் ஏன் ரசம் போலப் புளிக்கிறது?

நேப்பிள்ஸ் மருமகள்

நாட்டுத் தக்காளி வாங்கியிருப்பீர்கள். அதில் சாறும் விதையும் அதிகம், புளிப்பும் அதிகம். பெங்களூர் தக்காளியில் நீளமாக, நன்றாகப் பழுத்ததாகப் பாருங்கள். பாதியாக வெட்டி விதையைப் பிழிந்து எறிந்துவிட்டு, வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து, அகலமான பாத்திரத்தில் நிதானமாக வற்றவிடுங்கள். இங்கே சான் மர்சானோ போன்ற சதைப்பற்றுள்ள வகைகளை ஆகஸ்டில் மொத்தமாக வாங்குவார்கள். குடும்பம் முழுக்க அன்று முற்றத்தில் இருக்கும்: ஒருவர் கழுவ, ஒருவர் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்ற, பிள்ளைகள் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துளசி வகை இலை, அதாவது பசிலிகோ இலை போட. பழைய பீர் பாட்டில்கள்தான் பெரும்பாலும். மூடி அடித்து, இரும்புப் பீப்பாயில் பழந்துணிகளை இடையில் செருகி அடுக்கி, தண்ணீர் ஊற்றி விறகுத் தீயில் கொதிக்கவைப்பார்கள். துணி இல்லாவிட்டால் பாட்டில்கள் மோதி உடையும். அடுத்த நாள் ஆறினபின்தான் வெளியே எடுப்பார்கள். என் மாமனார் அன்று இரவு பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வழக்கறிஞரே, தாத்தாவின் வேலை இதுதான். ஆண்டுக்கு ஒரு நாள்.

அடுக்களை வழக்கறிஞர்

குறித்துக்கொண்டேன். மீதி 364 நாட்களுக்கு வாய்தா.

கொல்லைப்புறம்

பலெர்மோ தம்பிக்கு: தூத்துக்குடியில் சாளைக்குப் பஞ்சமில்லை. அந்தக் காட்டுக் கீரைக்கு என்ன செய்வது? வெறும் சோம்பு போட்டால் ஆகுமா?

பலெர்மோ வாசி

வெறும் பெருஞ்சீரகம் போட்டால் வாசம் மட்டும் வரும் அண்ணை, கீரையின் பசுமை வராது. சதகுப்பைக் கீரை கிடைத்தால் இரண்டு கட்டு வாங்கி, பாஸ்தா அவிக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்தைத் துணியில் முடிந்து போடுங்கள். குங்குமப்பூவை மறக்க வேண்டாம், மஞ்சள் தூள் வேண்டவே வேண்டாம். உப்பிட்ட நெத்தலி இல்லாவிட்டால் நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து, முள்ளெடுத்து, கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள். சிஞ்ஞோரா இருந்திருந்தால் ஏசியிருப்பார். ஆனால் சாப்பிட்டிருப்பார்.